யாருக்கு எந்த வேடம்: ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ படப் பாத்திரக் குறியீடுகளின் வரலாறு

டேவிட் லிஞ்ச் இயக்கிய ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ 2001 மே மாதம் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. சிறந்த இயக்குநர் விருதை அவரும் ஜோயல் கோயனும் பகிர்ந்துகொண்டார்கள். அக்டோபரில் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்ததுமே அதன் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டும் நீண்ட கட்டுரையை ‘சலான்’ இதழ் வெளியிட்டது. குறுந்தகடு வந்தபோது அதனுடன் லிஞ்ச் பெயரில் 10 துப்புகள் அச்சிட்ட ஒரு தாளும் வந்தது. சிவப்பு விளக்குக் கூண்டு எங்கெல்லாம் வருகிறது, சாவியை யார் எதற்காகக் கொடுக்கிறார்கள், ரூத் அத்தை எங்கே என்பவை போன்ற குறிப்புகள் அவை. பார்வையாளரைத் துப்பறிவாளராக்கிய இந்தத் தாள் படத்தைப் பற்றிய பேச்சைப் பல ஆண்டுகளுக்கு ஒரே தடத்தில் செலுத்தியது. கௌபாய் எதைக் குறிக்கிறான், நீலப் பேழை எதைக் குறிக்கிறது, உணவகத்தின் பின்புறம் பதுங்கியிருக்கும் அழுக்கு மனிதன் எதைக் குறிக்கிறான் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பொருளை எழுதி வைக்கும் பழக்கம் அப்படி வேரூன்றியது.

இந்த அகராதி முறை படத்துக்குப் பொருந்தவில்லை என்பதே என் வாதம். இதன் பாத்திரங்கள் தனித்தனிப் பொருள்களுக்கு நிற்கும் சின்னங்களாக உருவானவை அல்ல. பகலில் ஒருத்தி கண்ட முகங்களுக்கு இரவில் வேறு வேடங்கள் தரப்படுகின்றன. யாருக்கு எந்த வேடம் போனது, ஏன் போனது என்பதில்தான் குறியீடு பிறக்கிறது. இந்த வேடப் பங்கீடு லிஞ்ச் புதிதாகக் கண்டுபிடித்ததன்று; திரைப்படத்துக்குள் அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றையும் இந்த ஒரு படம் உருவான விசித்திரமான வரலாற்றையும் சேர்த்து வைத்தால், புதிர் என்று சொல்லப்பட்டவற்றில் பாதி தெளிந்துவிடுகிறது. தெளியாத மீதியும் எதனால் தெளியவில்லை என்பது புரிகிறது.

கனவை வாசிக்கும் இரு முறைகள்

சிக்மண்ட் பிராய்டின் ‘கனவுகளின் விளக்கம்’ 1899 நவம்பரில் வெளிவந்தது. முகப்பில் 1900 என்று அச்சாகியிருந்தது. பழைய கனவு நூல்களின் முறையை அதில் அவர் விலக்கிவைத்தார். பாம்பு வந்தால் இது நடக்கும், பல் விழுந்தால் அது நடக்கும் என்று நம் பஞ்சாங்கத்தில் கனாப் பலன் அச்சிடுகிறார்களே, ஏறத்தாழ அதே வகை முறை அது. பிராய்டுக்கு ஒரு கனவுருவின் பொருள் அதைக் கண்டவரின் பகலிலிருந்து கிடைக்க வேண்டும். முந்தைய நாள் கண்ட அற்பமான ஒன்று கனவுக்குள் எச்சமாகத் தங்கும். பலருடைய சாயல்கள் ஒரே ஆளில் செறியும். ஒருவர் மீதுள்ள உணர்ச்சி இடம் பெயர்ந்து இன்னொருவர் மேல் போய் உட்காரும். கனவு காண்பவரே மற்றொருவரின் முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் கூடும். அடுத்தடுத்த பதிப்புகளில் நிலையான சின்னங்களைப் பற்றிய பகுதியை அவரே வளர்த்துக்கொண்டு போனார் என்பதையும் சொல்லியாக வேண்டும். சினிமா இந்த இரண்டு பிராய்டுகளையும் எடுத்துக்கொண்டது.

அகராதிப் பிராய்டின் அப்பட்டமான வாரிசு ஹிட்ச்காக்கின் ‘ஸ்பெல்பவுண்ட்’ (1945). சால்வதோர் தாலி வடிவமைத்த அதன் கனவுக் காட்சியில் கண்கள் தீட்டிய திரைச்சீலைகளும் கையிலிருந்து நழுவும் வளைந்த சக்கரமும் வருகின்றன. மருத்துவர்கள் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாக மொழிபெயர்க்க, சக்கரம் கைத்துப்பாக்கி ஆகிறது, கொலைகாரன் பிடிபடுகிறான். இத்தனைக்கும் இதே தாலி 1929இல் லூயி புனுவேலுடன் ‘உன் ஷியன் ஆன்டலூ’ எடுத்தபோது, பகுத்தறிவால் விளக்கிவிடக்கூடிய எந்த உருவத்துக்கும் இடமில்லை என்பது அவர்கள் இருவரும் தமக்கு விதித்துக்கொண்ட சட்டம். ஒன்றில் எல்லாச் சின்னத்துக்கும் விடை இருந்தது, மற்றதில் எதற்கும் இல்லை. லிஞ்சைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் இந்த இரு முனைகளுக்கு இடையிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர் படம் சேர்ந்த பரம்பரை வேறு.

காலிகாரியிலிருந்து கேன்சஸ் வரை

அந்தப் பரம்பரையின் தொடக்கம் 1920இல் பெர்லினில் வெளியான ‘டாக்டர் காலிகாரியின் பெட்டகம்’. ராபர்ட் வீன இயக்கம். ஹான்ஸ் யானோவிட்ஸும் கார்ல் மாயரும் எழுத்து. பிரான்சிஸ் என்ற இளைஞன் பூங்கா இருக்கை ஒன்றில் உட்கார்ந்து, சந்தையில் வித்தை காட்டும் காலிகாரியும் அவன் சொற்படி உறக்கத்தில் நடந்துபோய்க் கொலை செய்யும் சேசரேயும் தன் ஊரில் விளைத்த கொடுமையைச் சொல்கிறான். கதை முடிந்ததும் அவன் எழுந்து போகும் இடம் ஒரு மனநல மருத்துவமனையின் முற்றம். அங்கே சேசரே கையில் பூவுடன் சாதுவாக நிற்கிறான். காதலி ஜேன் தன்னை அரசி என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். காலிகாரியோ அந்த மருத்துவமனையின் தலைமை மருத்துவர். கூட இருக்கும் நோயாளிகளையும் தனக்கு மேலிருக்கும் மருத்துவரையும் கொண்டே பிரான்சிஸ் தன் கதைக்கு ஆள் சேர்த்திருக்கிறான். 1947இல் வந்த ‘காலிகாரியிலிருந்து ஹிட்லர் வரை’ நூலில் சீக்ஃபிரீட் கிராக்காவர் இந்த முடிவைக் கடுமையாகச் சாடினார். அதிகாரத்தைக் கொடுங்கோன்மையாகக் காட்டிய கதை, இந்தச் சட்டகத்தால் அதே அதிகாரத்துக்குப் பணிந்துவிட்டது என்பது அவர் வாதம். அரசியல் வாசிப்பாக அது வலுவானது. ஆனால் வடிவம் என்ற அளவில் அந்தச் சட்டகம் திரைப்படத்துக்கு ஒரு புதிய ஆற்றலைத் தந்தது. ஒரே நடிகர், ஒரே முகம், இரண்டு உலகம். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே ஒரு மனத்தின் வரைபடம் என்னும் ஆற்றல் அது.

அதை உலகமே பார்க்கும்படி செய்தது எம்.ஜி.எம். நிறுவனத்தின் ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ (1939). ஃபிராங்க் பௌம் 1900இல் எழுதிய மூல நூலில் ஆஸ் என்பது நிஜமாகவே இருக்கும் நாடு. படம்தான் அதைக் கனவாக்கியது. கேன்சஸ் பண்ணையில் வேலை செய்யும் மூன்று ஆட்களே வைக்கோல் மனிதனாகவும் தகர மனிதனாகவும் கோழைச் சிங்கமாகவும் வருகிறார்கள். டோரத்தியின் நாயைப் பிடித்துப் போக வந்த மிஸ் கல்ச் சூனியக்காரி ஆகிறாள். ஊர் சுற்றும் ஜோசியக்காரர் மந்திரவாதி ஆகிறார். விழித்தெழுந்த டோரத்தி கட்டிலைச் சுற்றி நிற்பவர்களைப் பார்த்து, நீங்களும் அங்கே இருந்தீர்கள் என்று ஒவ்வொருவராகச் சுட்டுகிறாள். லிஞ்ச் இந்தப் படத்தின் பிடியிலிருந்து விடுபட்டதே இல்லை. ‘வைல்ட் அட் ஹார்ட்’ (1990) அதை வெளிப்படையாகவே எடுத்தாள்கிறது. ‘புளூ வெல்வெட்’ (1986) நாயகியின் பெயர் டோரத்தி. இந்தப் பிணைப்பை மட்டுமே பொருளாகக் கொண்டு அலெக்சாண்டர் ஃபிலிப் 2022இல் ‘லிஞ்ச்/ஆஸ்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார்.

காலிகாரியில் சொப்பனம் முதலில் வருகிறது, பகல் கடைசியில் வருகிறது. ஆஸில் பகல் முதலில், கனவு பின்னால், மீண்டும் பகல். இந்த வரிசை வேறுபாடு பின்னால் முக்கியமாகப் போகிறது.

இவற்றுக்குப் பிறகு ஒரு சிறிய படம், ஹாலிவுட்டின் நிழலிலேயே, ஒரு வீட்டுக்குள் எடுக்கப்பட்டது. மாயா டெரனும் அலெக்சாண்டர் ஹாமிடும் 1943இல் லாஸ் ஏஞ்சலிஸில் உருவாக்கிய ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’ கால் மணி நேரம்கூட ஓடாது. ஒரு பெண் சாய்வு நாற்காலியில் உறங்கிப்போகிறாள். முகத்துக்குப் பதில் கண்ணாடி வைத்த கறுப்பு உருவத்தை அவளே இரண்டாவது முறையாக, மூன்றாவது முறையாகப் பின்தொடர்கிறாள். அவளுடைய பிரதிகள் ஒரே மேசையைச் சுற்றி அமர்கின்றன. நாவிலிருந்து வெளிப்படும் சாவி கத்தியாகிறது. கடைசியில் வீடு திரும்பும் ஆண் அவளைப் பிணமாகக் காண்கிறான். சாவி, உறக்கம், தன்னையே கொல்ல வரும் தன் உரு என ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ படத்தின் எலும்புக்கூடு முழுவதும் இங்கே இருக்கிறது. தன் படத்தின் பொருட்களைப் பிராய்டின் சின்னங்களாக வாசிப்பதை டெரன் எதிர்த்தார். ஒரு பொருளின் அர்த்தம் அந்தப் படத்துக்குள் அது செய்யும் வேலையிலிருந்து வர வேண்டும் என்ற அவருடைய நிலைப்பாட்டையே இந்தக் கட்டுரையும் பின்பற்றுகிறது.

ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ (1958), பெர்க்மனின் ‘பெர்சோனா’ (1966) இரண்டையும் விமர்சகர்கள் அடிக்கடி துணைக்கு அழைப்பதால் இங்கே விரிக்கவில்லை. ‘வெர்டிகோ’வில் ஓர் ஆண் ஒரு பெண்ணின் கூந்தல் நிறத்தையும் உடையையும் மாற்றி, இறந்தவளாக நினைத்தவளைத் திரும்பச் செய்துபார்க்கிறான். ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ படத்தில் அந்த வேலையை ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குப் பொன்னிறப் பொய்முடி சூட்டிச் செய்கிறாள். லிஞ்சே எடுத்த ‘லாஸ்ட் ஹைவே’ (1997) இன்னும் நெருங்கிய மூதாதை. மனைவியைக் கொன்றதாகச் சிறையில் இருப்பவன் ஒரு காலையில் அறைக்குள் வேறொரு இளைஞனாக இருக்கிறான். பாட்ரிஷியா ஆர்கெட் அதில் இரண்டு பெண்களாக வருகிறார். ஓ. ஜே. சிம்ப்சன் வழக்கு தன்னை உலுக்கியதையும், இவ்வளவு பெரிய செயலைச் செய்துவிட்டதாகச் சொல்லப்படும் ஒருவனின் மனம் எப்படித் தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டு சிரித்து வாழ்கிறது என்ற கேள்வியில் அந்தப் படம் முளைத்ததையும் லிஞ்ச் பின்னர் எழுதியிருக்கிறார்.

தொலைக்காட்சி கைவிட்ட குழந்தை

இனி படம் உருவான கதை. ‘ட்வின் பீக்ஸ்’ தொடரை 1990–91இல் ஒளிபரப்பிய ஏ.பி.சி. தொலைக்காட்சிக்கென்றே லிஞ்ச் ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ பைலட் படத்தை 1999 தொடக்கத்தில் எடுத்தார். ஒரு தொடரின் முதல் பகுதி என்பதால் அதற்கு முடிவு தேவைப்படவில்லை. கதவுகளைத் திறந்துவிட்டுப் போவதே அதன் வேலை. கார் விபத்தில் நினைவிழந்த ஒருத்தி, கைப்பையில் கட்டுக்கட்டாகப் பணமும் விநோதமான நீலச் சாவியும், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து டீப் ரிவரிலிருந்து நடிக்க வந்த வெள்ளை மனத்துப் பெண், தன் படத்தையே பறிகொடுக்கும் இயக்குநர், கண்ணாடி அறையில் சக்கர நாற்காலியில் அமர்ந்து உத்தரவிடும் மிஸ்டர் ரோக், துப்பறிவாளர் இருவர், மலை உச்சி மாட்டுப்பட்டியில் காத்திருக்கும் கௌபாய். இவர்களுக்கெல்லாம் வாரக்கணக்கில் கதை நீளும் என்ற நம்பிக்கையில் ஆள் திரட்டப்பட்டிருந்தது. பைலட் மெதுவாக நகர்கிறது என்று குறை சொல்லப்பட்டது; வெட்டிச் சுருக்கிய பிறகும் ஏ.பி.சி. அதை ஒதுக்கிவிட்டது. இந்த இழுபறியை அதே ஆண்டு டாட் ஃபிரெண்ட் ‘தி நியூயார்க்கர்’ இதழில் விரிவாக எழுதினார்.

பிரான்ஸின் ஸ்டூடியோ கனால் முன்வந்து உரிமையை வாங்கியது. பணம் வந்த பிறகும் இந்த முடிவில்லாக் கதையை எப்படி முடிப்பது என்று லிஞ்சுக்குத் தெரியவில்லை. ஒரு மாலை தியானத்தில் உட்கார்ந்தபோது எல்லாம் ஒன்றாகக் கோத்து வந்தன என்பது அவர் சொல்லும் விவரம். 2000இல் புதிய காட்சிகள் எடுக்கப்பட்டன. டயான் செல்வினின் வாழ்க்கை, ஆடமின் வீட்டு விருந்து, சிலென்சியோ மன்றம் என்று இன்று நாம் படத்தின் உயிர் என்று கருதுபவை பெரும்பாலும் அப்போது சேர்ந்தவையே.

இந்தக் கால வரிசையைப் படத்தின் குறியீட்டு ஆய்வுகள் உரிய அளவு மதிக்கவில்லை. 1999இல் படமாக்கப்பட்ட கௌபாய் எந்தப் பெண்ணின் கனவிலும் வந்தவன் அல்லன். ஒரு தொடரின் மர்ம மனிதர்களில் ஒருவன், அவ்வளவே. ஓராண்டுக்கு மேல் கழித்து, அவன் ஒரு விருந்தில் கதவோரம் நடந்து போவதாக ஒரு சிறு ஷாட் எடுக்கப்பட்டதும், முன்பு எடுத்த காட்சி முழுவதும் பின்னோக்கிப் பொருள் மாறியது. குறியீடு விதையில் இருந்ததில்லை, பின்னால் ஒட்டுப்போடப்பட்டது. இதைச் சொல்வதால் படத்தின் மதிப்பு குறையாது. பகலில் தற்செயலாகக் கிடந்த பொருளை இரவு எடுத்துத் தன் தேவைக்கு வளைப்பது போலவே, லிஞ்ச் தன் கையில் எஞ்சிய காட்சிகளை வளைத்திருக்கிறார். படம் உருவான முறையும் படம் சொல்லும் செய்தியும் இவ்வளவு பொருந்திப்போன இன்னொரு படம் என் நினைவில் இல்லை.

ஒரு விருந்து மேசை

கதைச் சுருக்கம் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். முதல் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பெட்டி எல்ம்ஸ் (நவோமி வாட்ஸ்) என்ற புதுமுகமும், விபத்தில் தன்னையே மறந்துபோய், சுவரில் மாட்டியிருந்த ‘கில்டா’ (1946) படச் சுவரொட்டியிலிருந்து ரீட்டா என்ற பெயரைக் கடன் வாங்கிக்கொண்டவளும் (லாரா ஹாரிங்) சேர்ந்து துப்புத் துலக்குகிறார்கள், காதலாகிறார்கள். சிலென்சியோ மன்றத்தில் பெட்டியின் கைப்பைக்குள் ஒரு நீலப் பேழை தோன்றுகிறது. சாவி அதைத் திறக்கிறது. அதன்பின் நாம் காண்பவள் தோற்றுப்போன நடிகை டயான். முகம் பெட்டியின் முகமேதான். ரீட்டாவின் முகம் கொண்டவள் கமீலா ரோட்ஸ், வெற்றிபெற்ற நடிகை. டயானைக் கைவிட்டு இயக்குநர் ஆடம் கெஷரை மணக்கப் போகிறாள். அவளைக் கொல்ல டயான் ஆள் அமர்த்துகிறாள். பிறகு தன்னையே சுட்டுக்கொள்கிறாள். படத்தின் தொடக்கத்தில், நடனப் போட்டிக் காட்சி முடிந்ததும், யாரோ மூச்சு வாங்க, கேமரா ஒரு தலையணைக்குள் இறங்குகிறது. அந்தத் தலையணையில்தான் முதல் இரண்டு மணி நேரமும் நிகழ்கிறது என்ற வாசிப்பு 2001இலேயே வந்துவிட்டது. அதை நான் ஏற்கிறேன்.

ஆனால் அந்த வாசிப்பு நின்றுவிடும் இடத்தில்தான் வேலை தொடங்குகிறது. ஆடமின் வீட்டு விருந்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆடமின் தாய், எல்லோரும் கோகோ என்று அழைக்கும் முதியவர் (ஆன் மில்லர்), டயானிடம் அவள் கதையைக் கேட்கிறார். டீப் ரிவர், நடனப் போட்டி, இறந்துபோன அத்தை விட்டுச்சென்ற கொஞ்சம் பணம், ‘தி சில்வியா நார்த் ஸ்டோரி’ படத்தின் முதன்மை வேடத்துக்கு ஆசைப்பட்டது, அதைக் கமீலா தட்டிச்சென்றது, இயக்குநர் பாப் ப்ரூக்கர் தன்னைப் பெரிதாக நினைக்காதது என்று எல்லாவற்றையும் சொல்கிறாள். கோகோ இரக்கத்தோடு அவள் கையைத் தட்டிக்கொடுக்கிறார். அந்தத் தட்டல் டயானுக்குத் தாங்க முடியாத அவமானம்.

இப்போது கனவுக்குத் திரும்பினால், ஒவ்வொரு அவமானத்துக்கும் ஒரு வேட மாற்றம் காத்திருக்கிறது. இறந்த அத்தை உயிரோடு இருக்கிறார். வெளியூர்ப் படப்பிடிப்புக்குப் போயிருக்கிறார். வசதியான வீட்டை மருமகளுக்கு விட்டுச் சென்றிருக்கிறார். இரக்கப்பட்ட கோகோ அந்தக் குடியிருப்பின் மேலாளராகி, பெட்டியை உரிமையோடு கண்காணிக்கிறார். பாப் ப்ரூக்கர், பெட்டி நடித்துக் காட்டி அறையையே திகைக்கவைக்கும் காட்சியில், என்ன சொல்வதென்று தெரியாமல் உளறும் கையாலாகாத இயக்குநர். கமீலாவை அடைந்த ஆடம் ஒரே நாளில் படத்தையும் மனைவியையும் பணத்தையும் இழந்து, நீச்சல் குளம் சுத்தம் செய்பவனிடம் அடிபட்டு, உடையில் இளஞ்சிவப்புச் சாயத்தோடு அலைகிறான். கைவிட்டுப் போன கமீலா எல்லாம் மறந்தவளாக, பெட்டி இல்லாமல் ஓர் அடி எடுத்துவைக்க முடியாதவளாகத் திரும்பி வருகிறாள். கமீலா ரோட்ஸ் என்ற பெயர் மட்டும் அவளிடமிருந்து கழற்றப்பட்டு, விருந்தில் அவளை முத்தமிட்ட இன்னொரு பொன்னிறக்கூந்தல் பெண்ணின் மேல் ஏற்றப்படுகிறது. வெறுப்பை அந்தப் பெயரோடு வெளியே அனுப்பிவிட்டு, காதலை இந்த முகத்தோடு வைத்துக்கொள்ளும் தந்திரம் இது. இடப்பெயர்வுக்கு இதைவிடத் துல்லியமான திரை உதாரணம் கிடைப்பது அரிது.

இன்னும் நுணுக்கமானது காப்பிக் கோப்பை. விருந்தில் டயான் எஸ்பிரெஸோ குடித்தபடி நிமிரும்போது மேசைக்கு அப்பால் யாரோ ஒரு விருந்தினர் கண்ணில் படுகிறார். லிஞ்சின் இசையமைப்பாளர் ஆஞ்சலோ பதலமென்டிதான் அந்த வேடத்தில் இருக்கிறார். கனவில் இதே முகம் லூயிஜி கஸ்டிக்லியானி என்ற அச்சுறுத்தும் பணமுதலை. தனக்காகத் தேடித் தேடித் தருவிக்கப்பட்ட எஸ்பிரெஸோவை ஒரு வாய் உறிஞ்சி, கைத்துணியில் வழியவிடுகிறார், அறையே நடுங்குகிறது. டயான் விருந்தில் விழுங்கிய கசப்பைத் துப்பும் அதிகாரம் அந்தப் பெயர் தெரியாத விருந்தினருக்குப் போகிறது. எஸ்பிரெஸோ எதன் குறியீடு என்று அகராதியில் தேடினால் இது அகப்படாது.

கௌபாயும் இந்த விருந்தில்தான் பிறக்கிறான். டயானின் கண்கள் கலங்கியிருக்கும் வேளையில், தொலைவில், தொப்பியணிந்த ஒருவன் ஓரிரு நொடியில் கடந்து போகிறான். அவனுக்கு அவளோடு எந்தத் தொடர்பும் இல்லை. கனவு அவனுக்குத் தந்த வேடமோ விதியின் வேடம். மங்கிய விளக்கின் கீழே ஆடமிடம், எந்தப் பெண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மென்மையாக உத்தரவிடுகிறான். நல்லபடி நடந்தால் இன்னொரு முறை என்னைப் பார்ப்பாய், தவறினால் இரு முறை பார்ப்பாய் என்கிறான். அவனை மரணம் என்றும் மனச்சாட்சி என்றும் ஹாலிவுட்டின் பழைய அதிகாரம் என்றும் எழுதியிருக்கிறார்கள். என் பார்வையில் அவன் டயானுக்குத் தேவைப்பட்ட ஒரு சமாதானம். கமீலாவுக்கு வாய்ப்புக் கிடைத்ததற்குத் திறமை காரணமாக இருந்தால் டயான் தோற்றவள். யாரோ அஞ்சத்தக்க சிலர் இருளில் உட்கார்ந்து முடிவுசெய்திருந்தால் அவள் பலியானவள். பலியானவளாக இருப்பது தோற்றவளாக இருப்பதைவிட எளிது. அந்தச் சமாதானத்துக்கு ஆள் தேவைப்பட்டது, கதவோரம் போன அந்நியன் கிடைத்தான். அவனை நடித்த மான்டி மான்ட்கமரி தொழில்முறை நடிகர் அல்லர். ‘வைல்ட் அட் ஹார்ட்’ படத் தயாரிப்பாளர்களுள் ஒருவர். கட்டளையிடும் கௌபாய்க்கு நிஜத் தயாரிப்பாளர் ஒருவரின் முகம் வாய்த்ததை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.

விங்கீஸ் உணவகத்தின் முன்னும் பின்னும்

கொலைக்குப் பணம் கைமாறும் இடம் விங்கீஸ் உணவகம். பரிமாறும் பெண்ணின் சட்டைப் பட்டையில் பெட்டி என்ற பெயர் இருக்கிறது. கனவில் அதே உணவகத்தில் பரிமாறுபவளின் பட்டையில் டயான். காசு கொடுக்கும் நேரத்தில் டயான் தலை நிமிர்த்துகிறாள். பணம் செலுத்துமிடத்தில் நிற்கும் ஒருவன் அவளைப் பார்க்கிறான். அவ்வளவுதான் அவனுடைய பகல். கனவில் அவன் பெயர் டான். படத்தின் தொடக்கப் பகுதியிலேயே, எந்தக் கதையோடும் ஒட்டாமல், அதே மேசையில் உட்கார்ந்து ஒரு நண்பரிடம் தன் துர்சொப்பனத்தைச் சொல்கிறான். இந்தக் கட்டடத்தின் பின்னால் ஒருவன் இருக்கிறான், அவன்தான் இதையெல்லாம் செய்கிறான், அவன் முகத்தைக் கனவுக்கு வெளியே ஒருநாளும் பார்த்துவிடக் கூடாது என்கிறான். பட்டப்பகலில் பின்புறம் போகிறார்கள். கரியேறிய அந்த முகம் சுவருக்குப் பின்னிருந்து நழுவி வருகிறது, டான் சரிந்து விழுகிறான்.

இந்தக் காட்சியை முதல் முறை பார்ப்பவர் தொடர்பில்லாத திகில் துண்டு என்றே எடுத்துக்கொள்வார். டானின் பகலை அறிந்த பிறகு அதன் இடம் தெரிகிறது. கொலை பேசி முடித்த கணத்தில் அவளைப் பார்த்த ஒரே சாட்சி அவன். கனவு முதல் வேலையாக அந்தச் சாட்சியை அழைத்துப்போய், அவன் பார்க்கக் கூடாததைக் காட்டி, அச்சத்தாலேயே வீழ்த்திவிடுகிறது. குற்ற உணர்வு இங்கே எந்தச் சின்னத்துக்குள்ளும் புதைக்கப்படவில்லை. யார் பயப்பட வேண்டும் என்ற பங்கீட்டில் அது அப்பட்டமாகத் தெரிகிறது.

பின்னால் இருப்பவனுக்கோ பகல் இல்லை. விருந்திலும் இல்லை, உணவகத்திலும் இல்லை. போனி ஆரன்ஸ் என்ற நடிகை ஏற்ற அந்த வேடத்துக்கு டயானின் விழிப்புலகில் எந்த முகமும் ஒத்துவரவில்லை. ஓர் ஒற்றுமை மட்டும் உண்டு. ரீட்டாவும் பெட்டியும் டயானின் கட்டிலில் கண்டெடுக்கும் அழுகிய பிணத்தின் கறுத்த முகம் இந்த முகத்துக்கு உறவு. நீலப் பேழை கடைசியில் இவன் கையில்தான் இருக்கிறது. அதை வைத்த காகிதப் பையிலிருந்து, டயானைத் துரத்தப்போகும் முதிய தம்பதியர் சுண்டுவிரல் அளவில் வெளியே வருகிறார்கள்.

வேடப் பங்கீட்டின் எல்லை

இந்த முறையாலும் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. மிஸ்டர் ரோக்குக்குப் பகலில் இணை இல்லை. துப்பறிவாளர்கள் இருவரும் ஒரே காட்சியில் தோன்றி மறைகிறார்கள். இரண்டு துப்பறிவாளர்கள் உன்னைத் தேடி வந்தார்கள் என்று டயானின் அண்டை வீட்டுப் பெண் சொல்லும் ஒரு வாக்கியமே அவர்களுக்குக் கிடைத்த ஒட்டு. இவர்களுக்கெல்லாம் ஆழ்மனப் பொருள் கற்பிக்க முயலும் கட்டுரைகள் என்னை நிறைவு செய்யவில்லை. ஒளிபரப்பாகாத தொடரின் கைவிடப்பட்ட கதைகள் இவை என்று சொல்வதே நேர்மை.

டாட் மெக்கவன் 2004இல் ‘சினிமா ஜர்னல்’ இதழில் எழுதிய கட்டுரை லக்கானின் உளப்பகுப்பாய்வுக் கோணத்திலிருந்து முக்கியமான ஒன்றைக் கண்டது. முதல் பகுதி கனவாக இருந்தும் ஒழுங்கான காரண-காரியத்தோடு ஓடுகிறது. பின்பகுதி விழிப்பாக இருந்தும் முன்பின் குலைந்து சிதறிக்கிடக்கிறது. நாம் நிஜம் என்று உணரும் கோர்வையைத் தருவதே கற்பனைதான் என்ற முடிவுக்கு அவர் வருகிறார். என் வரலாற்றுப் பார்வைக்கும் இது உதவுகிறது. ஆஸில் மனிதர்களை அறிந்த பிறகே வேடங்களைப் பார்த்தோம். டோரத்தியோடு சேர்ந்து நாமும் அடையாளம் காட்ட முடிந்தது. இங்கே வேடங்கள் முதலில் வந்துவிடுகின்றன. அவற்றை நேசிக்கத் தொடங்கிய பிறகே மனிதர்கள் வருகிறார்கள், அதுவும் காலம் கலைந்த துண்டுகளாக. லிஞ்ச் காலிகாரியின் வரிசையை எடுத்துக்கொண்டு ஆஸின் பாசத்தை அதில் ஊற்றியிருக்கிறார். படம் புதிராகத் தோன்றுவதற்கும், விடை தெரிந்த பிறகும் வலிப்பதற்கும் இந்தச் சேர்க்கையே காரணம்.

சிலென்சியோ மன்றத்தை இந்த இடத்தில் பார்க்க வேண்டும். இசைக்குழு இல்லை, எல்லாம் ஒலிப்பதிவு என்று வித்தைக்காரர் முன்கூட்டியே அறிவிக்கிறார். பிறகு ஒரு பாடகி மேடையேறி, ராய் ஆர்பிசன் பாடிப் புகழ்பெற்ற பாடலொன்றை ஸ்பானிய மொழியில் பாடுகிறார். பெட்டியும் ரீட்டாவும் அழுகிறார்கள். பாடகி மயங்கி விழுகிறார், குரல் தொடர்கிறது. அந்தப் பாடகி ரெபேக்கா டெல் ரியோ. அறிவிப்பாளர் அவரை அழைப்பதும் அவருடைய சொந்தப் பெயரால். முகங்களும் பெயர்களும் இடம் மாறிக்கொண்டே இருக்கும் இந்தப் படத்தில், தன் பெயரோடே மேடையேறும் ஒருவரின் வாயிலிருந்துதான் குரல் பிரிகிறது. ஒலித்த பதிவோ உண்மையில் அவர் பாடியதே. லிஞ்சின் ஒலிக்கூடத்துக்கு வந்த ஒரு நாள் அவர் துணைக் கருவி ஏதுமின்றிப் பாடியது பதிவாகியிருந்தது. அதையே படத்தில் வைத்தார்கள். பொய்யென்று அறிவிக்கப்பட்ட பின்னும் கண்ணீர் வருகிறது என்பதை இதைவிடச் சுத்தமாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை.

பிறகு அந்தக் கடைசிச் சிக்கல். டயான் இறந்த பின்னும் படம் முடிவதில்லை. சிலென்சியோ மாடத்தில் நீலக் கூந்தல் பெண் ஒருத்தி ஒரு சொல்லைச் சொல்கிறாள். கனவு கண்டவள் போய்விட்டாள் என்றால் இதை யார் காண்கிறார்? தலையணை வாசிப்பு இங்கே உடைகிறது. லிஞ்ச் 1973 முதல் ஆழ்நிலைத் தியானம் பழகியவர், மகரிஷி மகேஷ் யோகியின் வழிவந்தவர். தான் பின்னிய வலையிலேயே ஊர்ந்துசெல்லும் சிலந்தியையும், தான் கண்ட கனவுக்குள்ளேயே வாழ்பவனையும் ஒப்பிடும் கருத்தை உபநிடதத்தினுடையது என்று சொல்லி, ‘இன்லாண்ட் எம்பயர்’ (2006) படத்தை அறிமுகப்படுத்தும்போதெல்லாம் அவர் எடுத்துரைத்தார். பிருகதாரண்யகத்தில் இதற்கு அருகே நிற்கும் ஓர் எண்ணம் உண்டு: கனவில் தேர்களும் இல்லை, பாதைகளும் இல்லை, காண்பவனே அவற்றைப் படைத்துக்கொள்கிறான். பிராய்டின் கனவுக்குப் பின்னால் ஒரு தனிமனிதப் பகல் உண்டு. உபநிடதக் கனவில் அந்தப் பகலும் கேள்விக்கு உட்பட்டது. டயானின் தலைக்கு வெளியேயும் படம் தொடர்வதை அங்கிருந்துதான் புரிந்துகொள்ள முடியும் என்று கருதுகிறேன்.

லிஞ்ச் 2025 ஜனவரியில் மறைந்தார். அவருடைய கடைசிப் பெரும் படைப்பான ‘ட்வின் பீக்ஸ்: தி ரிட்டர்ன்’ (2017) இந்தச் சிந்தனையை வெளிப்படையாகவே பேசுகிறது. ஒரு கனவில் மோனிகா பெலூச்சி தன் சொந்தப் பெயரிலேயே தோன்றி, கனவு கண்டு அதற்குள்ளேயே வாழ்பவனைப் பற்றிய அதே கருத்தைச் சொல்லி, காண்பவர் யார் என்று கேட்கிறார். தொடரின் முடிவில் துப்பறிவாளர் கூப்பர், கொலையுண்ட லாரா பால்மரின் முகம் கொண்ட கேரி பேஜ் என்ற பெண்ணை டெக்சாஸில் கண்டுபிடித்து, லாரா வளர்ந்த வீட்டுக்கு அழைத்துவருகிறார். கதவைத் திறப்பவர் லாராவின் தாயார் அல்லர். அந்த வேடத்தில் நின்றது படப்பிடிப்பு நடந்த வீட்டின் நிஜ உரிமையாளர். ஆனால் கதைக்குள் அவர் சொல்லும் பெயர்கள் பழைய ‘ட்வின் பீக்ஸ்’ கனவுலகிலிருந்து வந்தவை. காலிகாரியின் முற்றத்தில் பகலைக் கையில் வைத்துக்கொண்டு வேடங்களைச் சரிபார்க்க முடிந்தது. இங்கே பகலே ஒரு வேடத்தோடு வாசலில் நிற்கிறது. கூப்பர் அவரிடம் கேட்க முடிந்தது, வீட்டை யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்பது போன்ற சில கேள்விகளை மட்டுமே.